தூக்குக்குண்டை எது இழுக்கிறது?

ஆதம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு அறை எழுப்பிக்கொண்டிருக்கிறோம். ஒரு நாள் பதினோரு மணி டீயின்போது மேஸ்திரி தன் போனை என் பக்கம் நீட்டினார். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய செய்தி: புவியீர்ப்பு என்று ஒரு விசையே கிடையாதாம், பிரபஞ்சம் ஒரு கம்ப்யூட்டராம், ஒரு விஞ்ஞானி சொல்லிவிட்டாராம். அவருக்குப் பின்னால் பாதி எழுந்த சுவரில் தூக்குக்குண்டு தொங்கிக்கொண்டிருந்தது. மரக்கட்டையைச் சுவரின் மேல்வரிசையோடு ஒட்டிப் பிடித்து நூலை இறக்கினால், கீழே பித்தளைக் குண்டு சுவரைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். ஒரு இம்மி விலகினாலும் அந்த வரிசையைக் கரண்டியின் பிடியால் தட்டிச் சரிசெய்வார். "ஈர்ப்பே இல்லேன்னா, இது எதை நம்பி சார் தொங்குது?" என்றார்.

நல்ல கேள்வி. அன்றைக்கு நான் சொன்ன பதில் அரைகுறைதான். முழுசாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் இந்த மாதிரிச் செய்திகள் அடிக்கடி வருகின்றன, 'ஐன்ஸ்டைன் சொன்னது தப்பு' என்று தலைப்பு வைத்துவிட்டு உள்ளே எதையும் விளக்குவதில்லை, படித்து முடித்தவருக்குக் குழப்பம்தான் மிஞ்சுகிறது. உண்மையில் நடந்துகொண்டிருப்பது அந்தத் தலைப்புகளைவிட எவ்வளவோ சுவாரசியமானது. ஈர்ப்பு இருக்கிறதா இல்லையா என்று எந்த இயற்பியலாளரும் சண்டை போடவில்லை. குண்டு தொங்குகிறது, சரி. அதை இழுப்பது இயற்கையின் அடித்தளத்திலேயே உள்ள ஒன்றா, இல்லை சூடு மாதிரி, அடியில் வேறு எதுவோ கூட்டமாக இயங்குவதால் மேலே நமக்குத் தட்டுப்படுகிற விளைவா? இதுதான் இன்றைய கேள்வி. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறவன். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் பரங்கிமலை தெரியும். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் அந்த மலையடிவாரத்தில்தான் சங்கிலி வைத்து ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோட்டை அளந்தார். இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த அந்தப் பெரிய சர்வே இங்கிருந்து புறப்பட்டு, பல வருடங்கள் கழித்து இமயமலைப் பக்கம் போனபோது, தூக்குக்குண்டே அவர்களைக் குழப்பிவிட்டது. வடக்கே கலியானா, அதற்குத் தெற்கே கலியான்பூர் என்று இரண்டு இடங்கள். அவற்றின் இடைவெளியை முக்கோண அளவையால் கணக்கிட்டால் ஒரு விடையும், நட்சத்திரங்களைப் பார்த்துக் கணக்கிட்டால் வேறு விடையும் வந்தது. வித்தியாசம் 5.2 விகலை. ஒரு டிகிரியை 3,600 பங்கு போட்டால் வருவதுதான் ஒரு விகலை என்பதால், இது மிகச் சின்ன கோணம். மலைத்தொடர் குண்டைத் தன் பக்கம் இழுப்பதால் நூல் சாய்கிறது என்று எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் கல்கத்தாவில் இருந்த ஜான் பிராட் என்ற பாதிரியார் 1855-இல் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தால், அவ்வளவு பெரிய மலைக்கு அந்த வித்தியாசம் ஏறக்குறைய 16 விகலை வந்திருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குதான் வந்திருந்தது. அதாவது மலைக்கு அடியில், பூமிக்குள், எடை குறைந்த பாறை இருக்கிறது. யாரும் தோண்டிப் பார்க்கவில்லை, ஒரு நூலின் சாய்வே காட்டிக்கொடுத்தது.

அதே காலத்தில் நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் 1821-இல் ஊசலை ஆடவிட்டு, சென்னையில் ஈர்ப்பு எவ்வளவு என்று அளந்திருக்கிறார். இங்கே பொருள் விழும் வேகம் விநாடிக்கு விநாடி 9.78 மீட்டர் கூடுகிறது, துருவத்தில் 9.83. எழுபது கிலோ ஆள் ஒருவர் ஸ்பிரிங் தராசில் நின்றால், துருவத்தைவிடச் சென்னையில் முந்நூற்றைம்பது கிராம் குறைவாகக் காட்டும். இப்படி, ஈர்ப்பு எவ்வளவு என்பதை இந்த ஊரில் இருநூறு வருடத்துக்கு முன்பே நுணுக்கமாக அளந்துவிட்டோம். அது என்ன என்பது வேறு விஷயம்.

நியூட்டனுக்கே அது தெரியாது. தெரியாது என்று அவரே ஒப்புக்கொண்டார் என்பதுதான் எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது. 1687-இல் சூத்திரத்தைக் கொடுத்தார், நிலாவும் மாங்காயும் ஒரே கணக்கில் அடங்கின. ஆனால் நடுவில் எதுவும் இல்லாமல் ஒரு பொருள் தூரத்தில் இருக்கும் இன்னொரு பொருளை இழுக்கும் என்பது தத்துவம் யோசிக்கத் தெரிந்த யாரும் நம்ப முடியாத அபத்தம் என்று 1693-இல் ரிச்சர்டு பெண்ட்லிக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார்.

ஐன்ஸ்டைன் பிடித்துக்கொண்டது வேறு ஒரு நூல். காந்தம் இரும்பை இழுக்கும், அலுமினியப் பாத்திரத்தைச் சீண்டாது. மின்விசை மின்னேற்றம் உள்ளதைத்தான் தள்ளும், இழுக்கும். ஈர்ப்புக்கு மட்டும் இந்தப் பாகுபாடு கிடையாது. இரும்பு, பஞ்சு, தங்கம், ஒளி, எதுவானாலும் ஒரே மாதிரி விழுகிறது. 2016-இல் ஏவப்பட்ட மைக்ரோஸ்கோப் என்ற பிரெஞ்சுச் செயற்கைக்கோளில் பிளாட்டினக் கலவையையும் டைட்டானியக் கலவையையும் விழவிட்டு ஒப்பிட்டார்கள். 2022-இல் வந்த இறுதி முடிவின்படி, பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு துல்லியம் வரைக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. 2023-இல் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் எதிர்ப்பொருளைக்கூட (ஆன்டிமேட்டர்) விழவிட்டுப் பார்த்தார்கள், அதுவும் கீழேதான் விழுந்தது. எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துகிற ஒன்று, அவர்களுக்குள் இருக்கும் எதையும் பிடித்து இழுக்கிறதாக இருக்க முடியாது, அவர்கள் நிற்கிற தரையிலேயே ஏதோ இருக்க வேண்டும். 1915-இல் ஐன்ஸ்டைன் முடித்த பொதுச் சார்பியல் இதைத்தான் சொல்கிறது: காலமும் வெளியும் சேர்ந்த ஒரு நெசவு இருக்கிறது, பொருள் அதை வளைக்கிறது, வளைந்த நெசவில் பொருள்கள் தங்கள் போக்கில் போகின்றன. விழுகிறவர் மேல் எந்த விசையும் இல்லை. நம் காலை மேல்நோக்கித் தள்ளுகிற தரைதான் விசை கொடுக்கிறது. லிஃப்ட் சடாரென்று கீழே கிளம்பும்போது வயிறு லேசாகிறதே, அந்தக் கணத்தில் உடம்புக்கு இது தெரிந்துவிடுகிறது.

இது வெறும் தத்துவம் இல்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோளில் உள்ள கடிகாரம், நம் கைக்கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ விநாடி வேகமாக ஓடுகிறது, முக்கியமாக அங்கே வளைவு குறைவு என்பதால். அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் பத்து கிலோமீட்டர் அளவுக்குப் பிசகும், ஆதம்பாக்கத்துக்குக் கூப்பிட்ட ஆட்டோ வேறு பேட்டைக்குப் போய் நிற்கும்.

ஆக, மேஸ்திரியின் செய்தியில் இருந்த 'ஈர்ப்பு ஒரு விசை இல்லை' என்ற பாதி, நூறு வருடத்துப் பழசு. அப்படியானால் புதுசு எது?

சிக்கல், அணு அளவில் நடப்பதை விவரிக்கும் குவாண்டம் இயற்பியலோடு. ஒரு எலக்ட்ரான் ஒரே நேரத்தில் இங்கேயும் அங்கேயும் இருக்கும் நிலையில் இருக்கலாம். அது சோதனையில் பார்த்தாகிவிட்டது. எலக்ட்ரானுக்கு நிறை உண்டு, நிறை இருந்தால் காலவெளியை வளைக்கும். அப்படியானால் அந்த வளைவு எங்கே இருக்கிறது? இங்கேயா, அங்கேயா, இரண்டிடத்திலுமா? பொதுச் சார்பியலில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை, அதன் நெசவு ஒரு சமயத்தில் ஒரே மாதிரிதான் வளைந்திருக்கும். சரி, மற்ற விசைகளைக் குவாண்டமாக்கிய அதே வழியில் ஈர்ப்பையும் குவாண்டமாக்கலாமே என்று போனால், கணக்கு முடிவிலிகளாக வெடிக்கிறது. மின்காந்தத்தில் அந்த முடிவிலிகளை ஒழுங்காகக் கழித்துவிட வழி உண்டு, இங்கே ஒன்றைக் கழித்தால் அடுத்த படியில் புதிதாக ஒன்று முளைக்கிறது. போதாததற்கு ஈர்ப்பு மகா பலவீனமானது. ஹைட்ரஜன் அணுவில் புரோட்டானும் எலக்ட்ரானும் ஒன்றையொன்று மின்விசையால் இழுப்பதோடு ஒப்பிட்டால், அவற்றின் ஈர்ப்பு 1-க்குப் பின்னால் 39 சுழியங்கள் போட்ட எண்ணால் வகுத்த அளவுதான். ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒரு ஊக்கைத் தூக்கும்போது, மொத்தப் பூமியும் மறுபக்கம் இழுத்துத் தோற்கிறது. அணு அளவில் ஈர்ப்பைச் சோதித்துப் பார்க்க இதுவரை யாராலும் முடியாததற்கு இதுதான் காரணம்.

இந்தச் சிக்கலுக்கு இழைக் கோட்பாடு ஒரு விடை சொல்கிறது: துகள்கள் எல்லாம் அதிரும் நுண்ணிய இழைகள், அந்த அதிர்வுகளில் ஒன்று ஈர்ப்பைச் சுமக்கும் துகளாகவே வந்து நிற்கிறது என்பதை 1974-இல் கண்டுகொண்டார்கள். இந்தியாவில் பிறந்த அபய் அஷ்டேகர் 1986-இல் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளைப் புது மாறிகளில் எழுதிக் காட்டியதிலிருந்து வளர்ந்தது லூப் குவாண்டம் ஈர்ப்பு. அதன்படி வெளி என்பதே தொடர்ச்சியானது இல்லை, பாயின் கோரைகள் மாதிரி எண்ணக்கூடிய துண்டுகளால் முடையப்பட்டது. இரண்டைப் பற்றியும் தமிழிலேயே நிறைய எழுதப்பட்டிருப்பதால் நான் இங்கே நிற்கவில்லை. என் மனசு நிற்கிற இடம் அடுத்தது.

1972-இல் யேக்கப் பெக்கன்ஸ்டைன் என்ற மாணவர் ஒரு கேள்வி கேட்டார். சூடான ஒரு டம்ளர் காப்பியைக் கருந்துளைக்குள் ஊற்றினால், அந்தக் காப்பியின் என்ட்ரோபி எங்கே போயிற்று? என்ட்ரோபி என்பது, வெளியே ஒரே மாதிரி தெரிகிற ஒரு பொருளுக்குள் அணுக்கள் எத்தனை விதமாக அமைந்திருக்க முடியும் என்பதன் கணக்கு. மொத்தத்தில் அது குறையவே கூடாது என்பது வெப்ப இயக்கவியலின் விதி. அதனால் கருந்துளைக்கும் என்ட்ரோபி இருக்க வேண்டும், அது அதன் மேற்பரப்புக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும் என்றார் அவர். ஹாக்கிங் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை, 1974-இல் அவரே கணக்குப் போட்டபோது கருந்துளை மெல்லச் சூட்டை வெளிவிடுகிறது என்று வந்தது. சூரியன் அளவு நிறையுள்ள கருந்துளையின் வெப்பநிலை ஒரு டிகிரியின் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு, யாரும் தொட்டு உணரப்போவதில்லை. ஆனால் சுழியம் இல்லை.

கருந்துளை என்பது என்ன? வெறும் வளைந்த காலவெளி. அதில் அணு கிடையாது, மூலக்கூறு கிடையாது. அதற்கு எப்படிச் சூடு வரும்?

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் மாட்டியவர்களுக்கு நெரிசல் என்றால் என்ன என்று தெரியும். நெரிசல் என்பது எந்த ஒரு ஆளிடமும் இல்லாத குணம். கூட்டத்துக்குத்தான் அது உண்டு. வெப்பநிலையும் அப்படித்தான். ஒற்றை மூலக்கூறுக்கு வேகம் உண்டு, சூடு கிடையாது. கோடிக்கணக்கானவை சேர்ந்து குதிக்கும்போது அதை நாம் சூடு என்கிறோம். அணுவை யாரும் கண்ணால் பார்த்திராத காலத்திலேயே, பொருள் சூடாகிறது என்றால் அதற்குள் நுண்ணிய உறுப்புகள் இருந்தாக வேண்டும் என்று போல்ட்ஸ்மன் பிடிவாதமாகச் சொன்னார். இதை அப்படியே காலவெளிக்கு நீட்டியவர் தாணு பத்மநாபன். திருவனந்தபுரத்தில் பிறந்து, புணேயில் வாழ்ந்து, 2021-இல் மறைந்தவர். காலவெளிக்கும் சூடு உண்டு என்றால் காலவெளிக்கும் 'அணுக்கள்' இருக்க வேண்டும், ஐன்ஸ்டைனின் சமன்பாடு அந்த அணுக்களின் கூட்டு நடத்தையைச் சொல்கிறதே தவிர அவற்றைச் சொல்லவில்லை என்று பல வருடங்கள் விடாமல் வேலை செய்தார். அவருக்கு முன்பே 1995-இல் டெட் ஜேக்கப்சன் ஒரு சின்னக் கட்டுரையில், என்ட்ரோபி பரப்பைப் பொறுத்தது என்ற ஒன்றையும் வெப்பத்தின் அடிப்படை உறவையும் எடுத்துக்கொண்டு, அவற்றிலிருந்தே ஐன்ஸ்டைனின் சமன்பாட்டை வருவித்துக் காட்டியிருந்தார். எனக்கு இது இன்றைக்கும் மயிர்க்கூச்செறிய வைக்கிற விஷயம். பலூனுக்குள் காற்றின் அழுத்தம், கொள்ளளவு, வெப்பநிலை மூன்றையும் சேர்க்கும் விதியைப் பள்ளியில் படித்தோமே, அந்த ரகத்தைச் சேர்ந்த சமன்பாடாம் பொதுச் சார்பியல்.

சூட்டிலிருந்து இழுவிசை எப்படிப் பிறக்கும் என்று கேட்டால், வீட்டிலேயே பார்க்கலாம். கொஞ்சம் தடிமனான ரப்பர் பேண்டை எடுத்து, சட்டென்று நன்றாக இழுத்து, இழுத்தபடியே மேலுதட்டில் வையுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும். ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருந்து, சட்டென்று தளர்த்தி மறுபடி வையுங்கள், குளுகுளுவென்றிருக்கும். ரப்பருக்குள் இருப்பவை நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள். இழுத்தால் அவை நேராகின்றன, நேராக நிற்க ஒரே வழிதான். சுருண்டு கிடக்க ஆயிரம் வழி. விட்டதும் அவை சுருள்வது யாரோ உள்ளே இழுப்பதால் இல்லை, சுருண்டிருக்க அதிக வழிகள் இருப்பதால். அப்படி வரும் விசை நிஜ விசைதான், விரலில் உறைக்கிறது, ஆனால் எந்த ஒரு மூலக்கூறும் அதைத் தனியாகச் சுமக்கவில்லை. ஈர்ப்பும் இந்த ரகம்தான் என்று 2010-இல் நெதர்லாந்தின் எரிக் வெர்லிண்டே சொன்னபோது பெரிய பரபரப்பு. 2016-இல் இன்னும் ஒரு படி போய், விண்மீன் மண்டலங்களின் ஓரங்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுழல்வதற்குக் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் காரணமில்லை, இந்த என்ட்ரோபி ஈர்ப்பின் விளைவுதான் என்றார். இங்கே நான் அவரோடு போகவில்லை. மண்டலச் சுழற்சிக்கு அது பொருந்தலாம், ஆனால் பிரபஞ்சத்தின் தொடக்கத்திலிருந்து வரும் பின்னணிக் கதிர்வீச்சின் புள்ளிவிவரங்கள் முதற்கொண்டு கரும்பொருள் தாங்கிப் பிடிக்கிற சுமைகள் ஏராளம், அவற்றை எல்லாம் இந்தக் கருத்து இன்னும் தூக்கிக் காட்டவில்லை. ஜேக்கப்சனும் பத்மநாபனும் போட்ட அடித்தளம் உறுதியானது. அதன் மேல் அவசரமாக மாடி எழுப்புகிறவர்களிடம்தான் எனக்குத் தயக்கம்.

கருந்துளையின் என்ட்ரோபி விஷயத்தில் நம் ஊருக்கும் பங்குண்டு என்பதைச் சொல்லாமல் போக மனசில்லை. 2000-இல் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் இருந்த ரொமேஷ் கவுலும் பார்த்தசாரதி மஜும்தாரும் லூப் குவாண்டம் ஈர்ப்பை வைத்து, பெக்கன்ஸ்டைன்–ஹாக்கிங் சூத்திரத்துக்கு அடுத்து வரவேண்டிய திருத்தத்தைக் கணக்கிட்டார்கள். மடக்கை வடிவில் வரும் சின்னத் திருத்தம் அது. பின்னால் அசோக் சென் வேறு வழியில் கணக்கிட்டபோது வேறு விடை வந்தது. இரண்டில் எது சரி என்பது, காலவெளியின் அணுக்கள் எப்படிப்பட்டவை என்பதைப் பொறுத்த விஷயம், அதனால்தான் அந்தச் சின்னத் திருத்தத்துக்கு இவ்வளவு மதிப்பு.

இது எல்லாம் காகிதத்தில் மட்டும்தானா? 2025 ஜனவரி 14 அன்று, 130 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இரண்டு கருந்துளைகள் மோதியபோது காலவெளியில் கிளம்பிய அதிர்வு, அதாவது ஈர்ப்பலை, அதைப் பிடிக்கவே கட்டிய அமெரிக்காவின் லிகோ கருவிகளில் பதிவாயிற்று. அதுவரை கிடைத்த எதையும்விடத் தெளிவான பதிவு. மோதுவதற்கு முன் இரண்டின் மேற்பரப்பும் சேர்த்து 2,40,000 சதுர கிலோமீட்டர், மோதிப் பிறந்த ஒற்றைக் கருந்துளைக்கு ஏறக்குறைய 4,00,000. தமிழ்நாட்டின் பரப்பு 1,30,000 என்பதால், இரண்டு தமிழ்நாட்டுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது மூன்று தமிழ்நாட்டைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். மேற்பரப்பு குறையவே குறையாது என்று ஹாக்கிங் 1971-இல் சொன்னதைத் திறந்த வானமே வந்து சொல்லிவிட்டுப் போனது. மோதி முடிந்த கருந்துளை, தட்டிய கோயில் மணி மாதிரி அதிர்ந்து அடங்கும் என்று 1970-இல் கணக்கிட்டவர் நம் சி. வி. விஸ்வேஷ்வரா, அந்த அடங்கும் நாதத்தை வைத்துத்தான் கடைசிப் பரப்பையே அளந்தார்கள்.

இதே கிளையில் இன்னொரு கொழுந்து. குவாண்டம் உலகில் இரண்டு துகள்கள் எவ்வளவு தூரம் பிரிந்தாலும் ஒன்றின் நிலை மற்றதோடு கோத்தே இருக்கும், அதைப் பின்னல் என்போம். காலவெளி என்பதே இந்தப் பின்னலால் தைக்கப்பட்ட துணி என்று ஒரு கருத்து வந்திருக்கிறது. 2006-இல் ரியுவும் தகாயனகியும் பின்னலின் அளவை ஒரு பரப்பாகக் கணக்கிடலாம் என்று காட்டினார்கள். 2010-இல் மார்க் வான் ராம்ஸ்டோங்க், பின்னலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் வெளி என்பதே இரண்டாகப் பிரிந்து விலகும் என்று வாதிட்டார், தையல் பிரிந்த சட்டை மாதிரி. அழகான கருத்து. ஆனால் இந்தக் கணக்குகள் எல்லாம் 1997-இல் மால்டசேனா காட்டிய ஒரு தனிவகைப் பிரபஞ்சத்தில்தான் சுத்தமாக வேலை செய்கின்றன, அது உள்நோக்கி வளைந்த வடிவம் உள்ளது. நாம் இருப்பதோ விரிந்துகொண்டே போகிற வேறு வகை. அந்தத் தூரத்தைத் தாண்டும் பாலம் இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை.

இனி மேஸ்திரியின் போனில் வந்த விஷயம். 2025-இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெல்வின் வோப்சன், பொருள்கள் ஒன்றையொன்று நெருங்கினால் அவற்றை விவரிக்கத் தேவையான தகவல் குறைகிறது, அதனால் ஈர்ப்பு என்பது பிரபஞ்சம் தன் தகவலைச் சுருக்கிக்கொள்ளும் முறை, கம்ப்யூட்டர் ஃபைலைச் சுருக்குகிற மாதிரி என்று எழுதினார். அதிலிருந்து பிரபஞ்சமே கம்ப்யூட்டர் என்பதற்குத் தாவுவது, இவ்வளவு சின்ன வருவிப்பு தாங்காத பாரம் என்பது என் கருத்து. நியூட்டனின் விதியைத் திரும்பப் பெறுவது பெரிய சாதனை ஆகாது; பல பாதைகளிலிருந்து அந்த விதிக்கு வந்து சேர முடியும் என்பதை வெர்லிண்டே ஏற்கெனவே காட்டிவிட்டார். அதே வருடம் வந்த மற்ற இரண்டு வேலைகள் எனக்கு இன்னும் கனமானவையாகப் படுகின்றன. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜினெஸ்ட்ரா பியான்கோனி, காலவெளியின் வடிவத்தையும் பொருள் தூண்டுகிற வடிவத்தையும் இரண்டு குவாண்டம் நிலைகளைப் போல ஒப்பிட்டு, அவற்றின் இடையே உள்ள என்ட்ரோபி வித்தியாசத்திலிருந்து ஈர்ப்பை வருவித்தார். அதில் ஒரு சின்ன நேர்க்குறி அண்டவியல் மாறிலி தானாக வந்து விழுகிறது, பிரபஞ்சம் வேகமாக விரிவதற்கு அப்படி ஒன்று தேவைப்படுகிறது. பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் மிக்கோ பார்ட்டனனும் யுக்கா துல்க்கியும் இந்தக் கிளைக்கு நேர் எதிர்த்திசையில் போய், ஈர்ப்பை மற்ற மூன்று விசைகளின் மொழியிலேயே சமச்சீர்களைக் கொண்டு எழுதிக் காட்டினார்கள். நான் முன்பு சொன்ன முடிவிலிகள் முதல் படியில் அடங்குகின்றன என்று காட்டியிருக்கிறார்கள், எல்லாப் படிகளுக்கும் நிரூபணம் வர வேண்டும். வந்தால், நான் சாய்ந்திருக்கிற பக்கத்துக்கு அது பலத்த அடி.

எல்லோரையும்விட முரட்டுத் துணிச்சல் லண்டன் இயற்பியலாளர் ஜோனதன் ஓப்பன்ஹைமுக்கு. ஈர்ப்பைக் குவாண்டமாக்கவே வேண்டாம், அது குவாண்டம் இல்லை என்று 2023 டிசம்பரில் வெளியிட்டார். முன்பு கேட்டோமே, எலக்ட்ரான் இரண்டிடத்தில் இருந்தால் வளைவு எங்கே என்று. வளைவு ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் நிலையாக இருக்காமல் தன்போக்கில் தள்ளாடிக்கொண்டே இருக்கும், அதனால் எலக்ட்ரான் எங்கே என்பதை அது காட்டிக்கொடுக்காது என்பது அவர் விடை. அப்படித் தள்ளாடினால், ஒரு கிலோ எடைக்கல்லைத் திரும்பத் திரும்ப நிறுத்தால் எடை மிக மிகச் சின்ன அளவில் ஏறி இறங்கித் தெரிய வேண்டும். எவ்வளவு ஏறி இறங்கலாம் என்பதற்கு மேல் எல்லையும் கீழ் எல்லையும் இருப்பதால், இரண்டு பக்கமிருந்தும் நெருக்கி அவர் சொன்னது தப்பு என்று காட்ட முடியும். லூப் குவாண்டம் ஈர்ப்பின் பக்கம் நிற்கும் கார்லோ ரொவெல்லியோடும் இழைக் கோட்பாட்டின் பக்கம் நிற்கும் ஜெஃப் பெனிங்டனோடும் 5,000-க்கு 1 என்று அவர் பந்தயமே கட்டியிருக்கிறார். ஒரு கோட்பாட்டை எழுதும்போதே, எப்படி என்னைத் தோற்கடிக்கலாம் என்று வழி சொல்லிவிடுகிறவரை எனக்கு மதிக்கத் தோன்றுகிறது.

இப்படித் தோற்கடிக்கப்பட்டதற்கு உதாரணம் கண்முன்னால் இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 17 அன்று 13 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதின. ஈர்ப்பலை வந்து 1.7 விநாடி கழித்து காமா கதிர் வந்தது. 13 கோடி வருடம் ஓடி வந்து இரண்டு விநாடிக்குள் இரண்டும் வந்து சேர்ந்தால் இரண்டின் வேகமும் ஒன்றுதான். ஈர்ப்பின் வேகம் ஒளியின் வேகத்திலிருந்து மாறும் என்று சொன்ன மாற்று ஈர்ப்புக் கோட்பாடுகள் பல, ஒரே காலையில் குப்பைக்குப் போயின. வருடக்கணக்கான உழைப்பு, 1.7 விநாடி. நம் நாட்டிலும் மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் நான்கு கிலோமீட்டர் கைகள் கொண்ட லிகோ வரப்போகிறது, 2023-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அலைகளில் ஐன்ஸ்டைனின் கணக்கிலிருந்து விலகல் ஏதாவது தெரிகிறதா என்று தேடும் முறைகளை உருவாக்கியவர்களில் ஒருவர், இங்கே சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகத்தில் இருக்கும் கே. ஜி. அருண்.

ஆனால் குவாண்டமா இல்லையா என்ற கேள்வியைத் தீர்க்கப்போவது இந்தப் பெரிய கருவி இல்லை, மேசை மேல் அடங்கும் சின்னக் கருவி. 1957-இலேயே ஃபைன்மன் ஒரு மாநாட்டில், ஒரு நிறையை இரண்டிடத்தில் இருக்கும் நிலையில் வைத்து அதன் ஈர்ப்பைப் பார்க்கலாமே என்று கேட்டார். 2017-இல் சுகதோ போஸ் குழுவும், தனியாக மார்லெட்டோ, வெட்ரல் இருவரும் அதைச் செய்யும் வழியை எழுதினார்கள். தூசியளவு வைரத் துகள்கள் இரண்டு, ஒவ்வொன்றும் ஒரு கிராமின் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு எடை. இரண்டையும் 'இங்கேயும் அங்கேயும்' நிலையில் வைத்து, அருகருகே, ஒன்றையொன்று தொடாமல் விழவிட வேண்டும். வேறு எந்த விசையும் தீண்டாமல் ஈர்ப்பு மட்டும் இரண்டுக்கும் நடுவே வேலை செய்ய, கடைசியில் இரண்டும் குவாண்டம் பின்னலில் சிக்கியிருந்தால், நடுவில் தூது போன ஈர்ப்பும் குவாண்டம் என்று ஆகும்.

அதற்கு இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. தன் ஈர்ப்பை நாம் அளக்க முடிந்த மிகச் சின்னப் பொருள்களில் ஒன்று, 2021-இல் வியன்னாவில் வெளியிட்ட சோதனையில் வந்த தங்க மணி. குறுக்களவு இரண்டு மில்லிமீட்டர், எடை 90 மில்லிகிராம், ஒரு சின்ன மூக்குத்தியைவிடக் குறைந்த தங்கம். அது இன்னொரு தங்க மணியை இழுத்த இழுப்பை அளக்க, தெருவில் போகும் டிராமும் வண்டியும் ஆளும் அடங்கிய கிறிஸ்துமஸ் சமயத்து இரவுகள் தேவைப்பட்டன. மேலே மழை பெய்ய, கீழே மெட்ரோ தோண்ட, நடுவில் தூக்குக்குண்டு பிடிக்கிற எங்கள் ஊரிலிருந்து அந்த அமைதியை நினைத்துப் பார்க்கிறேன். அந்த மணியைவிட ஏறக்குறைய தொள்ளாயிரம் கோடி மடங்கு எடை குறைந்ததை, அதுவும் இரண்டிடத்தில் வைத்துக்கொண்டு அளக்க வேண்டும்.

இதையெல்லாம் அடுத்த நாள் மேஸ்திரியிடம் சொன்னேன், ரப்பர் பேண்டை அவரும் உதட்டில் வைத்துப் பார்த்தார், நம்பாமல் இரண்டாவது தடவையும் வைத்தார். "அப்ப அந்த வைரம் ரெண்டும் சிக்கலேன்னா?" என்றார். சிக்காவிட்டால் ஓப்பன்ஹைம் பக்கம் தராசு தாழும். ஆனால் வேறு ஒரு வாய்ப்பும் உண்டு. டேனியல் கார்னியும் கூட்டாளிகளும் 2025-இல் வெளியிட்ட வேலையில், என்ட்ரோபியிலிருந்து நியூட்டனின் ஈர்ப்பைக் கொடுக்கும் மாதிரிகளை எழுதிக் காட்டியிருக்கிறார்கள். அவற்றில் ஈர்ப்பு எப்போதும் கொஞ்சம் இரைச்சலோடுதான் வரும், ரப்பருக்குள் சங்கிலிகள் உதறுவது போல. அந்த இரைச்சலை வைரங்களில் தேடலாம், எடைக்கல்லிலும் தேடலாம். என் பக்கம் பிழைக்கிறதா என்று எனக்குத் தெரியவரப்போவது அங்கேதான்.